கடன் பாக்கியுள்ள பழைய கார்: பணத்தை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் தஞ்சாவூருக்கு வாடகைக் கார் வைத்துப் போய்வருவது கட்டுப்படியாகவில்லை. அதனால் திருச்சியில் ஒருவரிடம் 2018-ஆம் ஆண்டு வேகன் ஆர் வண்டியை 3,85,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறோம். தெரிந்த மெக்கானிக் பார்த்துவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சீட்டு எடுத்த பணமும் நகைக்கடன் பணமும் என் கணக்கில் இருக்கின்றன. வண்டியின் மேல் இன்னும் 1,10,000 ரூபாய் கடன் பாக்கி உண்டாம். முழுப் பணத்தையும் கொடுத்தால் அதிலிருந்து கடனைக் கட்டிவிட்டு ஒரு வாரத்தில் என்.ஓ.சி. (கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்று) வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அட்வான்ஸாக 25,000 ரூபாயைத் தன் மைத்துனரின் கைப்பேசி எண்ணுக்கு யு.பி.ஐ.யில் அனுப்பச் சொல்கிறார். மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் 10,000 ரூபாய் குறைத்துக்கொள்வாராம். ரொக்கமாகவே கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். டி.டி. எடுத்துக் கொடு என்கிறார் அப்பா. எது பாதுகாப்பு?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பணம் கைமாறும் முன்பே எழுதிக் கேட்டீர்கள். அதற்காகவே மகிழ்கிறேன். வங்கியில் வாகனக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இந்த விஷயத்தில் என்னைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலானோர் பணத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான் வந்தார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் ஒரு சிறிய ஊரில் டீக்கடை வைத்திருந்தவர். உங்களைப் போலவே கடன் பாக்கியுள்ள ஒரு காரை வாங்கினார். பேசிய தொகை முழுவதையும் விற்றவரிடம் ரொக்கமாகக் கொடுத்தார். விற்றவர் இரண்டு தவணை கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். எட்டாவது மாதம் கடன் கொடுத்த தரப்பின் ஆட்கள் வந்து வண்டியைத் தூக்கிப் போய்விட்டார்கள். மறுநாள் காலை, கடையைக்கூடத் திறக்காமல், ஒரு பிளாஸ்டிக் உறையோடு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். உறைக்குள் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தமும், விற்றவர் கையெழுத்துப் போட்டுத் தேதி போடாமல் கொடுத்த, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ம் படிவம் 30-ம் இருந்தன. “எல்லாப் பேப்பரும் என்னிடம் இருக்கிறதே சார்” என்றார். நான் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், அடமானம் பதிவாகியிருந்த வரியைக் காட்டினேன். அந்த வரி இருக்கும்வரை வண்டி யார் கையில் இருந்தாலும் கடன் கொடுத்தவரின் உரிமை அதன் மேலேயே இருக்கும். அவர் நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வண்டிக்குள் பையனின் பள்ளிக்கூடப் பை இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முடிவில் விற்றவர் கட்டாமல் விட்ட 1,60,000 ரூபாயை இவர் இரண்டாவது முறையாகத் தன் கையிலிருந்து கட்டித்தான் வண்டியை மீட்டார்.

உங்களிடம் விற்பவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. டீக்கடைக்காரருக்கு விற்றவர்கூட ஏமாற்ற நினைத்து விற்றவர் அல்ல. பெரிய தொகை கைக்கு வந்தது, வீட்டில் ஒரு செலவு வந்தது, கடன் அப்படியே நின்றது. அவர் நல்லவரா கெட்டவரா என்று நீங்கள் ஆராய வேண்டிய தேவையே வராத வழியில் பணம் போக வேண்டும். கடன் பாக்கிக்கான பணம் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நேராகப் போக வேண்டும். மீதி, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். மூன்றாவது ஒருவருக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது.

அதனால் மைத்துனர் எண்ணுக்கு 25,000 அனுப்ப வேண்டாம். என்ன காரணம் சொன்னாலும் வேண்டாம். நாளைக்குப் பேச்சு முறிந்தால், “நான் ஒரு பைசாவும் வாங்கவில்லையே” என்று விற்பவர் சொல்லலாம், அவர் கணக்கைப் பார்த்தால் அது பொய்யாகவும் தெரியாது. பணம் போனது வேறு ஒருவரின் கணக்குக்கு. தன் கணக்கு முடங்கியிருப்பதால் மைத்துனர் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார் என்றால், அது ஏன் முடங்கியது என்பதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 5,000 ரூபாய் போதும். அதையும் அவர் கணக்குக்கே அனுப்புங்கள். வண்டி எண், மொத்த விலை, பேச்சு முறிந்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் போகும் ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்க வேண்டும்.

முன்பணம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உங்கள் சக ஆசிரியர்களுக்கும் இது உதவும். ராணுவத்தில் வேலை, திடீர் இடமாற்றம், அதனால் வண்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று இணையத்தில் விளம்பரம் வரும். அடையாள அட்டையின் படமும் வரும். வண்டியைக் கண்ணில் காட்டமாட்டார்கள். முதலில் போக்குவரத்துச் செலவு, பிறகு கேட் பாஸ், பிறகு ஏதோ வரி என்று சிறுகச் சிறுகக் கறந்துவிடுவார்கள். சிலர், “உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்” என்பார்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். தவறிப்போய் யாராவது சிக்கிவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் முடக்கிவிட்டால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும்.

அடுத்தது ரொக்கம். உங்கள் கணவர் சொல்வது பழைய வழக்கம், புரிகிறது. ஆனால் 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டப்படி, ஒரே பரிவர்த்தனைக்காக ஒருவர் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம், அதுவும் பணத்தை வாங்கியவருக்கு. இன்று ஒன்றரை லட்சம், அடுத்த வாரம் ஒன்றரை லட்சம் என்று பிரித்துக் கொடுத்தாலும் வண்டி ஒன்றுதான், பரிவர்த்தனையும் ஒன்றுதான். இதை விற்பவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், பலருக்கு இது தெரியாது. உங்கள் பக்கம் உள்ள ஆபத்து வேறு: ரொக்கம் போன தடம் எங்கும் இருக்காது. தேர்தல் அறிவிப்பு வந்திருக்கும் நேரம் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. உரிய ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துப் போனால் பறக்கும் படை வழியில் நிறுத்திப் பிடித்து வைத்துவிடும், மீட்க அலைய வேண்டும். நகைக்கடனாக வந்த பணம் உங்கள் கணக்கில்தானே இருக்கிறது? அங்கேயே இருக்கட்டும். அவர் குறைப்பதாகச் சொல்லும் 10,000 ரூபாய்க்காக அதை வெளியே எடுக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், அந்த 1,10,000 ரூபாய். அவரே எங்காவது புரட்டிக் கடனை முடித்து, என்.ஓ.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், இரண்டு பேரும் சேர்ந்து கடன் கொடுத்த கிளைக்குப் போக வேண்டும். அவர் இல்லாமல் நீங்கள் மட்டும் போனால் வேலை நடக்காது. வாடிக்கையாளரின் கணக்கைப் பற்றி வேறொருவரிடம் அதிகாரி பேசமாட்டார், பேசவும் கூடாது.

அங்கே கடனை முன்கூட்டி முடிப்பதற்கான கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். அதில் கடன் கணக்கு எண், கட்ட வேண்டிய மொத்தத் தொகை, எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். வாயால் சொன்ன 1,10,000 அந்தக் கடிதத்தில் வேறு தொகையாக இருந்தால் திகைக்க வேண்டாம். தேதிவரையிலான வட்டியும், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் உண்டென்றால் அதுவும் சேரும். கூடும் தொகை அவருக்குக் கொடுக்க வேண்டிய பங்கிலிருந்துதான் கழிய வேண்டும், உங்கள் 3,85,000 கூடக் கூடாது. இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அதிகாரியிடம் விற்பவரையே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “என் பெயரில் உள்ள வேறு கடனோ, நான் ஜாமீன் போட்ட கடனோ இந்த வண்டியோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டிருக்கிறதா?” வாங்குபவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. வண்டிக் கடன் முழுவதும் தீர்ந்த பிறகும், அதே இடத்தில் உள்ள இன்னொரு பாக்கிக்காக என்.ஓ.சி.யை நிறுத்தி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பதில் சரியாக இருந்தால், அன்றே ஓர் ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, அசல் ஆர்.சி.யையும் இரண்டாவது சாவியையும் வாங்கிக்கொண்ட பிறகு, கடிதத்தில் உள்ள தொகையை உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்குச் செலுத்துங்கள். உங்கள் அப்பா சொன்ன டி.டி. இங்கேதான் மிகப் பொருத்தம். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரில் எடுத்து, பின்பக்கம் கடன் கணக்கு எண்ணையும் வண்டி எண்ணையும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பணம் வேறு எங்கும் திரும்பிப் போக வழியில்லை. என்.இ.எப்.டி. மூலம் அனுப்பினாலும் சரிதான். வசூலுக்கு வரும் ஆள் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அவர் கையில் பணம் கொடுக்காதீர்கள். ரசீதில் கடன் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான உரிமையையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் கடன்தாரருக்கு ஈடு கொடுக்க வேண்டும். கிளையில் இழுத்தடித்தால் இதை நினைவுபடுத்தச் சொல்லுங்கள். என்.ஓ.சி.யோடு படிவம் 35-ம் வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி. கேன்சல் செய்வதற்கு, அதாவது ஆர்.சி.யிலிருந்து அடமான வரியை நீக்குவதற்கு, அதுதான் வேண்டும்.

இரண்டாம் கட்டம், அவருக்குச் சேர வேண்டிய பணம். கணக்கை இப்படி வைத்துக்கொள்ளலாம்: கடனுக்கு 1,10,000 போனது என்றால் மீதி 2,75,000. அதில் 2,40,000 ரூபாயை என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வந்து, படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்துப் போடும் நாளில் கொடுங்கள். அன்றே வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 35,000 ரூபாயை நிறுத்தி வையுங்கள். உங்கள் பெயருக்கு மாறி, அடமான வரி நீங்கிய ஆர்.சி. வந்ததும் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நியாயமாக விற்பவர் இதற்குக் கொஞ்சம் முணுமுணுப்பார், பிறகு ஒப்புக்கொள்வார்.

2,40,000 ரூபாயை ஆர்.டி.ஜி.எஸ். முறையில் அனுப்புங்கள். 2 லட்சத்திலிருந்து தொடங்கும் தொகைகளுக்கு உரியது அது, அனுப்பியதும் போய்ச் சேரும். 2020 டிசம்பர் முதல் இரவு பகல், விடுமுறை என்ற வேறுபாடு இல்லாமல் இயங்குகிறது. யு.பி.ஐ.யில் பொதுவாக நாளொன்றுக்கு 1 லட்சம்தான் உச்சவரம்பு. என்.இ.எப்.டி. அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும். அந்த அரை மணி நேரம் இரு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சங்கடமாக நிற்க வேண்டியிருக்கும். காசோலையை அவர் ஏற்கமாட்டார், ஏற்காததில் நியாயமும் உண்டு. அவருக்கு டி.டி. கொடுக்கலாம், ஆனால் போலி டி.டி.கள் உலவுவதால் உங்கள் கிளைக்கு வந்து சரிபார்க்க வேண்டும் என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே வங்கிக்காரனாக ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் பெயரையும் கணக்கு எண்ணையும் எழுதிக் கொடுத்தாலும், பணம் வரவாவது கணக்கு எண்ணை வைத்து மட்டுமே. ஓர் இலக்கம் தவறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். திரும்ப வாங்க அந்த மனிதரின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அதனால்தான், ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எப்.டி. அனுப்பும் முன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 1-ஐக் கெடுவாக வைத்தது. உங்கள் வங்கிச் செயலியில் எண்ணைச் சேர்க்கும்போது வரும் பெயரை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, அவர் கைப்பேசியில் வந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.

இதை முந்தைய நாளே செய்துவிடுவது நல்லது. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. எல்லாரும் கூடி நிற்கும்போது அது தெரியவந்தால், “சரி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ரொக்கமாக எடுத்துக் கொடுத்துவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். பாதுகாப்பாக வந்த வழி அந்த இடத்தில்தான் தவறும். செயலியில் பழக்கம் இல்லை என்றால் உங்கள் கிளையிலேயே படிவம் எழுதிக் கொடுத்து அனுப்பலாம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல நேரம் பார்த்துச் சாவி வாங்க வேண்டும் என்று வீட்டில் விரும்புவார்கள். தாராளமாகப் பாருங்கள், அது வங்கி திறந்திருக்கும் நேரத்துக்குள் அமையட்டும்.

பணம் போன அதே அமர்வில் பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தையும் முடித்துவிடுங்கள். பதிவான கைப்பேசி எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். அவர் எதிரே இருக்கும்போது கேட்டு வாங்குவது எளிது. பிறகு போனில் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அவர் சோம்பினால் அவருக்கே உள்ள ஆபத்தைச் சொல்லுங்கள்: வண்டியை விற்ற பிறகும் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் 14 நாட்களுக்குள் எழுதிவிடுங்கள். பெயர் மாற்றாமல் விட்டால், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது மறுப்பார்கள். அவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியச் சலுகை) அவருடையது, உங்களுக்கு வராது.

35,000 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.சி. கைக்கு வந்த அன்றே அனுப்பிவிடுங்கள், அவர் கேட்கும்வரை வைத்திருக்காதீர்கள். உங்களை நம்பி வண்டியை விட்டுப் போனவர் அவர்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக்கே அவருக்குப் போன் செய்து, “முன்பணம் இருக்கட்டும், திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்கள் கடன் உள்ள கிளைக்கு நாங்கள் வருகிறோம், நீங்களும் வந்துவிடுங்கள்” என்று சொல்லுங்கள். வருகிறேன் என்றால் மேலே சொன்னபடி தொடருங்கள். கிளைக்கெல்லாம் வர முடியாது, பணத்தைக் கொடுத்தால் போதும் என்றால், வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் அதே ஆண்டு வேகன் ஆர் இன்னும் பல விற்பனைக்கு வரும்.